கிணற்று மோட்டருக்குச் செல்லும் மின்கம்பி: தடையும் வலுவும் கணக்கிடும் முறை



பெரியநீலாவணைப் பகுதியில் மேற்கே வயல்களும் கிழக்கே கடலோர மணற்பாங்கான தோட்டங்களும் உள்ளன. கத்தரி, மிளகாய், வெண்டி முதலியவற்றைத் தோட்டத்திற் செய்வோர்க்குக் கிணற்று நீரே துணை. முன்னர் துலாவினால் இறைத்த கிணறுகளில் இன்று மின்மோட்டர் இறைக்கின்றது. மணல் நிலம் நீரைத் தாங்கி வைத்திராது. ஆதலால் கோடையில் மோட்டர் இரண்டு மூன்று நாள் நின்றாலே இளங்கன்றுகள் வாடிவிடும்.

மோட்டர் எரிந்தால் அதன் சுருளைப் புதிதாகச் சுற்றுவித்துப் பொருத்துகின்றோம். சில மாதங்களில் அது மறுபடியும் எரிகின்றது. அப்பொழுது மோட்டரைக் குறை கூறுவதற்கு முன், வீட்டிலிருந்து கிணறுவரை செல்லும் கம்பியைச் சோதித்தல் வேண்டும். அதற்கு ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் அறிந்தாற் போதும்.

மூன்று அளவுகள்

சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர்மட்டம் உயர்ந்திருந்தாலும், வாய்க்கால் நீண்டு ஒடுங்கித் தூர்ந்திருப்பின் கடைசி வயலுக்கு நீர் குறைவாகவே வந்து சேரும். மின்சாரமும் அத்தகையதே. நீரைத் தள்ளும் மட்டத்தின் உயரம் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ற்றில் அளப்பர். ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அதனை அம்பியரில் அளப்பர். வாய்க்காலின் ஒடுக்கம் போன்றது தடை. அதனை ஓமில் அளப்பர். இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஜேர்மனியில் ஆசிரியராயிருந்த கியோர்க் சைமன் ஓம் 1827 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும்.
வோல்ற்றை அம்பியராற் பெருக்கினால் வலு கிடைக்கும். இதனை வாற்றில் அளப்பர்.

அளக்கும் முறை

இவ்வளவீட்டைத் தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஈர மணலில் நின்று நீங்கள் கம்பியைத் தொடுதல் உயிருக்கு ஆபத்தாகும். கணக்கை மட்டும் நீங்கள் செய்யலாம்.

மோட்டரின் சுருளுக்கு இக்கணக்கு நேராகப் பொருந்தாது. ஆகையால் மோட்டரைக் கழற்றி, அதன் இடத்தில் நீர் நிரம்பிய மின்கேத்தில் ஒன்றை உலர்ந்த மேசைமீது வைத்து இணைக்கச் செய்க. அது கொதித்து நிற்பதற்குள் வீட்டிலும் கிணற்றடியிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். கேத்தில் ஓடாத வேளையில் அளந்தாற் பயனில்லை. ஓட்டம் இல்லாதபோது இரு முனையிலும் ஒரே அளவே காணப்படும்.

எடுத்துக்காட்டு

வீட்டில் 230 வோல்ற்று, கிணற்றடியில் 206 வோல்ற்று, ஓட்டம் 6 அம்பியர் எனக் கொள்வோம்.

கேத்திலின் தடை: 206 ÷ 6 = 34.3 ஓம்.
கேத்திலின் வலு: 206 × 6 = 1236 வாற்று.
வழியில் இழந்த அழுத்தம்: 230 − 206 = 24 வோல்ற்று.
கம்பியின் தடை: 24 ÷ 6 = 4 ஓம்.
கம்பியில் வீணாகும் வலு: 24 × 6 = 144 வாற்று.

ஒரு குதிரைவலு மோட்டரும் ஏறக்குறைய இதே 6 அம்பியரை எடுக்கும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் இறைத்தால், 30 நாளில் ஏறத்தாழ 17 அலகு மின்சாரம் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடும். அதற்கும் நீங்களே பணம் கட்டுகின்றீர்கள்.

அதனினும் பெரிய கேடு மோட்டருக்கு நேர்வது. மோட்டர் புறப்படும்போது வழக்கமான ஓட்டத்தைப் போற் பல மடங்கை இழுக்கும். அவ்வேளையில் கம்பியில் இழக்கும் அழுத்தமும் பெருகுவதால், அது சுழல மாட்டாது உறுமிக்கொண்டு நிற்கும். சுழன்றாலும், அழுத்தம் குறைந்தபடியாற் கூடுதலான ஓட்டத்தை எடுத்துச் சூடேறும். ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பதை நினைவிற் கொள்க.

குற்றம் எங்கே?

கிணறு 100 மீற்றர் தொலைவிலிருப்பின், போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து 200 மீற்றர் ஆகும். 1 சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள நல்ல செம்புக் கம்பியானால் அதன் தடை ஏறக்குறைய 3.4 ஓம். நாம் கண்டதோ 4 ஓம். எஞ்சிய 0.6 ஓம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் முறுக்கி ஒட்டிய மூட்டுகளிலிருந்தே வந்திருக்கும். கடலோர உப்புக்காற்றிற் செம்பு பச்சை பூத்து அரிக்கப்படுகின்றது. அந்த 0.6 ஓம் ஒரே மூட்டில் இருப்பின், 6 அம்பியர் ஓடும்போது அங்கே 21 வாற்றுக்கு மேற்பட்ட சூடு பிறக்கும். கம்பியின் உறை உருகுவதும் தீப்பற்றுவதும் இத்தகைய இடங்களிலேதான்.

செய்ய வேண்டியவை

1. இத்தொலைவுக்கு 4 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி இடுக. தடை 0.86 ஓம் ஆகக் குறையும். இழக்கும் அழுத்தம் 5 வோல்ற்று அளவிலும், வீணாகும் வலு 31 வாற்று அளவிலும் நிற்கும்.

2. இடையில் மூட்டில்லாத ஒரே நீளக் கம்பியே சிறந்தது. மூட்டுத் தவிர்க்க முடியாததாயின், நீர் புகாத பெட்டிக்குள் திருகாணியால் இறுக்குவித்து, ஆண்டுதோறும் மாரிக்கு முன் பார்வையிடுவிக்க.

3. உருகி அடிக்கடி போகின்றது என்று தடித்த கம்பியை உருகியாக இடாதீர்கள். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

4. மோட்டருக்குப் புவிக்கம்பியும் ட்ரிப் சுவிச்சும் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

5. வீட்டிலேயே அழுத்தம் குறைந்து காணப்பட்டால் உங்கள் கம்பியை மாற்றிப் பயனில்லை. அளந்த எண்களை எழுதி மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவிக்க.

வாய்க்காலைத் தூர்வாராமல் கடைசி வயலுக்கு நீர் வரவில்லையென்று வருந்துவாரில்லை. கிணற்றுக்குச் செல்லும் கம்பியையும் அவ்வாறே கவனித்து, சிறுபோகம் தொடங்குமுன் ஒருமுறை அளப்பித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மோட்டரும் நீடிக்கும், பயிரும் பிழைக்கும்.