மட்டிப்பால் என்னும் மரப்பெயர்

விருதுநகர் ஜில்லாவில் தீப்பெட்டித் தொழிலுக்கு உதவும் மரத்தைப் பயிரிட விரும்பும் நிலச்சுவான்தார்கள், கன்று கேட்கும்பொழுது சொல்லும் பெயர்கள் பல. பெருமரம், பீமரம், பீநாறி, தீக்குச்சி மரம், மட்டிப்பால் என்பன அவற்றுட் சில. இவை யாவும் ஒரே மரத்தின் பெயர்கள் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் சரியன்று. தீக்குச்சிக்கு ஏற்ற பருமனை மரம் அடைய 6, 7 ஆண்டுகளேனும் செல்லுமாதலால், பெயரில் நேரும் மயக்கம் அத்தனை ஆண்டு உழைப்பையும் நிலத்தையும் வீணாக்கக் கூடியது.

மட்டிப்பால் என்பது முதலில் மரத்தின் பெயரன்று. மரத்தினின்று வடியும் பிசினின் பெயர். மலையாள நாட்டில் இம்மரத்தை 'மட்டி' என்பர். பட்டையில் வெட்டு விழுந்த இடத்திற் கசிந்து இறுகும் பிசினைப் பாலென்று வழங்கவே, மட்டியின் பால் மட்டிப்பாலாயிற்று. இப்பிசின் தூபத்துக்கும் ஊதுவத்திக்கும் உபயோகப்படுவது. மரத்தைக் கண்ணாற் காணாத சமவெளி மக்களும் சரக்குக் கடையில் இப்பெயரைக் கேட்டறிந்தனர். அதனால் சரக்கின் பெயரே மரத்துக்கும் ஏறிவிட்டது. கன்னட நாட்டார் இப்பிசினை 'ஹால்மட்டி' என்பர். அவர்கள் மொழியிலும் 'ஹாலு' என்றால் பாலே. ஆயினும் அந்நாட்டு மர வியாபாரி 'மத்தி' என்று சொல்வது கருமருதையாகும். ஒலி ஒத்திருப்பதுகொண்டு இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

தாவர நூலார் மட்டிப்பால் மரத்தை ஐலாந்தஸ் டிரைபைசா என்பர். இது மேற்கு மலைத்தொடரின் மழைமிகுந்த காடுகளில் ஓங்கி வளரும் பசுமை மாறா மரம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் நூலில் இம்மரம் 'பொங்கேலியன்' எனக் குறிக்கப்பட்டுள்ளது. 'ஐலாந்தஸ்' என்னும் சொல்லோ கீழ்த்திசைத் தீவாகிய அம்போய்னாவில் வழங்கிய மரப்பெயரினின்று வந்தது. வானளாவிய மரம் என்பது அதன் கருத்தென்பர். நம்மவர் பெருமரம் என்றதும் ஏறக்குறைய அதே நோக்கத்தினாற்போலும்.

தொல்லை தொடங்குவதும் இப்பெயரிலேதான். தமிழ்நாட்டுச் சமவெளிகளிற் பெருமரம் என்றால் அது பெரும்பாலும் ஐலாந்தஸ் எக்செல்சா என்னும் வேறு இனம். மேற்கே மலையாள நாட்டிலோ மட்டியையே பெருமரம் என்று அழைப்பதுண்டு. ஆகவே செங்கோட்டைக்கு அப்பாலிருந்து 'பெருமரம்' என்று வரவழைக்கப்படும் விதை, சாத்தூரில் அப்பெயரால் அறியப்படும் மரத்தின் விதையாக இருக்குமென்று நம்புவதற்கில்லை.

இரண்டையும் இலைகொண்டு பிரித்தறிவது எளிது. இரண்டிலும் நீண்ட நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். சமவெளிப் பெருமரத்தின் சிற்றிலை விளிம்பு ஒழுங்கற்ற பெரும் பற்கள் உடையது. மட்டியின் சிற்றிலையோ பற்களின்றி, அரிவாள்போற் சற்றே வளைந்து, மேற்புறம் பளபளப்பாயிருக்கும். மேலும் பெருமரம் பனிக்காலத்தையொட்டி இலையுதிர்த்து வெறுங்கொம்பாக நிற்கும். மட்டி அவ்வாறு நிற்பதில்லை. பெருமரத்தின் இலையைக் கசக்கினால் துர்க்கந்தம் வீசுவதால் பீமரம், பீநாறி என்ற பெயர்கள் உண்டாயின. ஆனால் பீநாறி என்பது குதிரைப்பிடுக்கு என்ற வேறொரு மரத்துக்கும் வழங்குகிறது. அதில் நாற்றம் பூவிலுள்ளது. இலையும் விரித்த கைபோன்றது. ஒருவர் 'பீநாறி' என்ற அளவில் எம்மரம் என்று துணிந்து கூறுதல் இயலாது.

1922-ல் கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய வரலாறு இப்பக்கத்தார் யாவரும் அறிந்ததே. அத்தொழில் பெருகவே குச்சிக்கான வெள்ளிய மென்மரத்தின் தேவையும் பெருகிற்று. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த மட்டி மரங்கள் அங்கேயே குச்சிகளாகச் சீவப்பட்டுச் சிவகாசி வந்து சேரும் வழக்கமும் ஏற்பட்டது. இதைக் கேள்வியுற்றே இங்குள்ள சிலர் மட்டிக் கன்றை நாடுகின்றனர்.

விருதுநகர் ஜில்லாவில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். மட்டியோ அதனினும் மிக்க மழைக்குப் பழகிய மரம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கங்களில் மலையடிவாரத்தையொட்டி, இறவைப் பாசன வசதியுடைய தோட்டங்களின் ஓரங்களில் வேண்டுமானால் சிறிதளவு நட்டுப் பார்க்கலாம். மானாவாரி நிலத்துக்கு ஏற்றது சமவெளிப் பெருமரமே. குச்சி சீவுவதற்கு அதன் கட்டையும் ஏற்புடையது. செம்மண்ணும் சரளையும் அதற்குப் பொருந்தும். நீர் தேங்கும் கனத்த கரிசலில் இரண்டில் எதையும் நடாதிருப்பதே நன்று. அருப்புக்கோட்டைக் கரிசலில் பருத்திக்குள்ள இடத்தை இம்மரங்களுக்குக் கொடுப்பது இலாபகரமாகத் தோன்றவில்லை.

கிராம நிர்வாக அலுவலர்கள் கணக்கில் மரங்களைக் குறிக்கும்பொழுது பெருமரம் என்று மட்டும் எழுதாமல், இலையைப் பார்த்து, 'பெருமரம் (பல் இலை)' அல்லது 'மட்டி' என எழுதிவைப்பார்களாயின், பின்னாளில் விற்பனையிலும் மதிப்பீட்டிலும் வழக்கு எழ இடமிராது.

கன்று வாங்குவோர் நாற்றங்காலில் இலை விளிம்பை நேரிற் பார்த்தே வாங்குக. விதை சேகரிப்போர் பெருமரத்தில் ஆண் மரமும் பெண் மரமும் பெரும்பாலும் வேறென்பதை நினைவிற் கொள்ளவேண்டும். காய்க்காத மரத்தை மலடென்று வெட்டுவது அறியாமை. சித்திரை, வைகாசியில் முற்றும் இறகுக் காய்களைக் காற்று கொண்டுபோகுமுன் பறித்து, நிழலிலுலர்த்தித் தாமதமின்றி விதைக்கவேண்டும். முளைப்புத்திறன் சில மாதங்களிலேயே குன்றிவிடும். நாற்றம் இருந்தபோதிலும் பெருமரத்தின் தழையை ஆடுகள் விரும்பித் தின்னுமாதலால், நட்ட கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் அடையும்வரை முள்வேலி அவசியம்.