ஊன்றுகோலும் ஒரு விடை

துன்பம் வந்த வேளையில் ‘இறைவன் எங்கே?’ என்று கேட்பதையே பாவமாக எண்ணுவோர் உண்டு. பெரியபுராணம் அப்படி எண்ணவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்நூலில், அக்கேள்வியைக் கேட்பவர் காவியத் தலைவரான சுந்தரமூர்த்தி நாயனாரேதான்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தவர் சுந்தரர். திருவாரூர் வசந்தவிழா நினைவு வந்ததும் ஊரெல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலினுள் இருக்கிறீரா என்று கேட்டார். பார்வை கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. கூடவே, இருக்கிறோம், நீர் போகலாம் என்று அயலார் பேசுவதுபோல ஒரு விடை!

நேயர்களே, இந்த இடத்தை நிதானித்துப் படிக்க வேண்டும். சுந்தரர் நன்றி கூறவில்லை, முறையிட்டுப் பாடினார். இல்லாத ஒருவரோடு யாரும் வழக்காடுவதில்லை அல்லவா? குரல் எத்தனை ஒட்டாததாயினும், ‘இருக்கிறோம்’ என்பது அவர் கேட்டதற்கு நேரான பதில். கோலோ வழியைச் சுருக்கவில்லை, நடக்க வைத்தது.

ரம்புக்கனைக்காரருக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, ரம்புக்கனையைத் தாண்டியதும் கடுகண்ணாவை மலையில் ஏறுகிறது. நீராவி எஞ்சின் நாட்களில் அந்த ஏற்றத்துக்கென்று இன்னோர் எஞ்சினையும் சேர்த்துப் பூட்டுவார்கள். மலை அப்படியே நின்றது. ஏறும் பலம் கூடியது.

அதற்கும் முன்பு, கோப்பிக் காலத்தில், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த நம் முன்னோர் பலரை வாந்திபேதி வழியிலேயே கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் லயத்தருகே மாரியம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். ‘ஆத்தா, உனக்குக் கண் இல்லையா?’ என்று அழுதவர்களும் அவர்களாகவே இருந்திருப்பார்கள். அந்த அழுகையும் வழிபாட்டைச் சேர்ந்ததே என்பேன்.

பின்னர் சுந்தரருக்குக் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன. வெண்பாக்கத்தில் அவர் சினந்து வீசிய கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவரலாறு. பழைய வெண்பாக்கம், 1944இல் கட்டிமுடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் மறைந்துவிட்டது. கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் கட்டினார்கள். கொம்பு ஒடிந்த நந்தியை அங்கே இன்றும் காணலாம்.