பொதி எங்கே உட்கார வேண்டும்?

சைக்கிளில் சாமான் ஏற்றிச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. பின்சக்கரத்துக்கு மேல் கேரியரைப் பொருத்தி, அதன் இருபுறமும் பைகளைத் தொங்கவிடுவது பழைய வழி. கேரியரே இல்லாமல் ஃபிரேமோடும் சீட்டோடும் ஹேண்டில்பாரோடும் பைகளை வாரால் இறுக்கிக் கட்டிவிடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது முறையில் கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மண்சாலையிலும் காட்டுப்பாதையிலும் பல நாள் பயணம் போவதைத்தான் பைக்பேக்கிங் என்கிறார்கள். கேரியரில் தொங்கும் பைக்கு ஆங்கிலத்தில் பேனியர் என்று பெயர். ரொட்டிக்கூடையைக் குறித்த லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து, சுமை விலங்கின் முதுகில் இருபுறமும் தொங்கும் கூடைக்கு ஆகி, பிறகு சைக்கிளுக்கு ஏறியது. தமிழில் கழுதைப் பொதி என்றால் அதேதான்.

பைக்பேக்கிங் என்ற பெயர் புதிது, வழி புதிதல்ல. 1897 ஜூன் 14 அன்று அமெரிக்க ராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில் மொன்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டார்கள். சுமார் 1,900 மைல் தள்ளியிருந்த செயின்ட் லூயிஸ் நகரை 41 நாளில் அடைந்தார்கள். அந்தப் படையின் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஹேண்டில்பாருக்கு முன்னே கம்பளியும் கூடாரத் துணியும் உருளையாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. ஃபிரேமின் முக்கோணத்துக்குள் ஒரு கெட்டியான பெட்டி கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. துப்பாக்கி மட்டும் வீரரின் முதுகில். இன்று நவீனக் கண்டுபிடிப்பு என்று விலைப்பட்டியலில் வரும் ஹேண்டில்பார் உருளையும் ஃபிரேம் பையும் அச்சு அசலாக இவைதான்.

நடுவில் இந்த ஏற்பாடு ஏறக்குறைய மறக்கப்பட்டு, கேரியரும் பேனியரும் உலகச் சுற்றுப்பயணிகளின் அடையாளமாயின. மறுபடி அதைத் தேட வைத்தவை அமெரிக்காவின் நெடுந்தூரப் போட்டிகள். அலாஸ்காவின் பனிப்பாதையில் இடிடாபைக் போட்டி 1987இல் தொடங்கியது. கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லையிலுள்ள ஆன்டிலோப் வெல்ஸ் வரை ராக்கி மலைகளை ஒட்டிச் சுமார் 4,400 கி.மீ. ஓடும் டூர் டிவைட் 2008இல் வந்தது. வெளி உதவி இல்லாமல், தன் சாமானைத் தானே சுமந்து ஓட்ட வேண்டிய போட்டி அது. இத்தகைய பாதைகளில் கேரியர் படும் பாடு கொஞ்சமல்ல. வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண்சாலையில் நாள் முழுதும் அதிரும்போது, மொத்தச் சுமையையும் பிடித்திருக்கும் 5 மி.மீ. திருகுகள் மெல்லக் கழலும். உலோகக் குழாய் பற்றவைத்த இடத்தில் களைத்து விரிசல் விடும். நடுக்காட்டில் கேரியர் முறிந்தால் பையைத் தோளில்தான் போட வேண்டும். வாருக்கும் துணிக்கும் இந்தக் களைப்பு கிடையாது. அறுந்தாலும் ஊசிநூல் போதும். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் எரிக் பார்சன்ஸ் தொடங்கிய ரெவலேட் டிசைன்ஸ் போன்ற சிறு தையல் பட்டறைகளிலிருந்துதான் இன்றைய பைகளின் வடிவங்கள் பரவின.

பை வாங்க வருபவர் முதலில் கேட்பது எடையைத்தான். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்பதை ஒரு கணக்கு காட்டும். 5 கிலோ கூடுதல் சுமையை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 49 கிலோஜூல் வேலை செய்ய வேண்டும். உண்ட உணவில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் தசை அதை மிதிவேலையாக மாற்றும் என்பதால், உடலுக்கு ஆகும் செலவு 50 முதல் 60 கிலோகலோரி. ஒரு இட்லி. ஒரு முழு மலையேற்றத்துக்கு ஒரு இட்லி! கேரியரோடு ஒரு ஜோடி பேனியரின் வெற்று எடை சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். பைக்பேக்கிங் பைகள் மூன்றும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. இந்த வித்தியாசத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பவர் ஏமாறுகிறார் என்றே சொல்லலாம். பைக்பேக்கிங் பைகள் லேசாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அவற்றில் இடம் குறைவு என்பதே. மூன்றும் சேர்ந்து 30 லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். பின்பக்கப் பேனியர் ஜோடி மட்டுமே 40 லிட்டர் கொள்ளும். சாமான் தானாகவே குறைந்துவிடுகிறது.

உண்மையில் வேலை செய்வது சுமை உட்காரும் இடம். காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தையிலிருந்து வந்தவர்களுக்கு இது கைகளால் தெரியும். 3 கிலோ தக்காளியும் வெங்காயமும் ஊசல்போல ஆடும்போது முன்சக்கரம் இடமும் வலமும் இழுக்கிறது. அதே 3 கிலோவைப் பழைய ட்யூப் ரப்பரால் அசையாமல் கட்டினால் சைக்கிள் பாதி அடங்கிவிடும். ஃபிரேமுக்கு நடுவே, இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் வைத்தால் சுமை இருப்பதே மறந்துபோகும். சைக்கிள் ஓட்டுவது என்பது விழப்போவதும் நிமிர்வதுமான ஓயாத சிறு திருத்தம். சுமை ஃபிரேமோடு ஒட்டி, தாழ்வாக, நடுவில் இருந்தால் அந்தத் திருத்தத்துக்கு அது குறுக்கே வராது. தள்ளித் தொங்கினால் ஒவ்வொரு திருத்தத்தோடும் மல்லுக்கு நிற்கும்.

ஆகவே வாங்கும் வரிசையில் முதலிடம் ஃபிரேம் பைக்கு. தண்ணீர், ஸ்பேனர், பம்ப், ஸ்பேர் ட்யூப், அரிசி, பருப்பு, அடுப்பின் எரிபொருள் என்று கனமானவை எல்லாம் இங்கே போகலாம். முக்கோணம் முழுவதையும் அடைக்கும் பையில் இடம் அதிகம். ஆனால் தண்ணீர் பாட்டில் மாட்டும் இடம் போய்விடும். மேல்பாதியை மட்டும் பிடிக்கும் அரைப் பையில் 3 முதல் 6 லிட்டர் வரை கொள்ளும், கீழே பாட்டில் நிற்கும். கடைப் பை எல்லா ஃபிரேமுக்கும் பொருந்தாது. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, முக்கோணத்துக்குள் பொருந்தும்படி வெட்டி, அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குவதே நல்லது. அகலம் சுமார் 6 செ.மீ. தாண்டினால் முழங்கால் உரசும். காலையில் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான மிதிக்குப் பிறகு மாலையில் தொடையின் உட்புறம் சிவந்திருக்கும். பையைப் பிதுங்கப் பிதுங்க நிரப்பினாலும் இதே கதைதான். இந்தப் பையில் முதலில் பழுதாவது ஜிப். மண்ணும் சேறும் பற்களில் ஏறிய நிலையில், புடைத்த பையை இழுத்து மூடும்போது, பற்களைக் கோக்கும் ஓடியின் வாய் அகன்றுவிடும். அதனால் ஜிப்பின் பல் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பது, துணியின் பெயரைக் கேட்பதைவிட முக்கியம்.

பார்க்க அழகாகவும் ஓட்டத் தொல்லையாகவும் இருப்பது சீட் பை. சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகளையும் சீட் பைப்பையும் பற்றிக்கொண்டு, குளவிக் கொடுக்குபோலப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் நாலரை செ.மீ.தான். அந்தச் சிறு பிடியிலிருந்து அரை மீட்டர் நீளப் பை தொங்குகிறது. வால்நுனியில், பிடிப்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கும் 1 கிலோ, 10 செ.மீ. தள்ளி இருக்கும் 4 கிலோவுக்குச் சமமாக நெம்பும். ஓட்டுபவரின் இடுப்பு மிதிக்குத் தக்கபடி நிமிடத்துக்கு 70, 80 முறை இட வலமாக அசைகிறது. பையின் இயல்பான ஆட்டமும் அந்த வேகத்தை ஒட்டி வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளியதுபோல ஆட்டம் பெருகும். எழுந்து நின்று மிதித்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து பாதி பையிலும் பாதி அடுக்குவதிலும் இருக்கிறது. சீட் பைப்பை ஒட்டிய முனை விறைப்பான தகடு வைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். கனமான சாமான் அந்த முனையில் இறங்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக், மாற்று உடை போன்ற பஞ்சு லேசானவை வாலுக்கு. உள்ளே காற்றோட்டமாக இடம் விட்டால் பை தொளதொளவென்று ஆடும். பாதி நிரப்பிய 16 லிட்டர் பையைவிட முட்டச் செருகிய 10 லிட்டர் பை அடக்கமாக வரும்.

உயரம் குறைந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறிய ஃபிரேமில் சீட்டுக்கும் பின் டயருக்கும் இடையே வெளி குறைவு. பெரிய சக்கரமும் சேர்ந்தால் பை டயரில் உரசி ஓட்டையாகும். பின்புறம் ஸ்பிரிங் உள்ள சைக்கிளில், பள்ளத்தில் இறங்கும்போது டயர் மேலே வந்து அடிக்கும். நின்ற நிலையில் அளந்தால் இது தெரியாது. சீட்டில் ஆளை உட்காரவைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பைகள் பெரும்பாலும் நெட்டையர்களை மனதில் வைத்து வரைந்தவை என்ற புகாரில் நியாயம் உண்டு. இந்த இடத்தில் வீம்பு பிடிக்காமல் ஒரு சிறு கேரியரைப் பொருத்தி, அதன்மேல் பையைக் கட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஹேண்டில்பார் பைக்கு உகந்தது கூடாரம், விரிப்பு, தலையணை மாதிரி இடம் அடைக்கும் லேசான சாமான். திருப்பும் அச்சிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திருப்புவதற்கு முரண்டு பிடிக்கும். இரு மடங்கு தூரம் என்றால் நான்கு மடங்கு முரண்டு. அதனால் உருளையின் இரு ஓரங்களிலும் கனம் போகக் கூடாது. கூடாரத்தின் கம்பியும் முளையும் நடுவுக்கு வர வேண்டும், முடிந்தால் ஃபிரேம் பைக்கே போக வேண்டும். வளைந்த ஹேண்டில்பாரில் கொம்புகளுக்கு இடையே இருக்கும் அகலமே உருளையின் நீளத்தைத் தீர்மானித்துவிடும். பிரேக் கேபிள்கள் மடங்கி நசுங்காமல் இருக்க, பைக்கும் பாருக்கும் நடுவே கெட்டியான ஃபோம் துண்டு வைப்பார்கள். தரமான பைகளில் அது கூடவே வரும்.

மற்றவை உதிரிகள். ஃபிரேமின் மேல்கம்பியில் உட்காரும் சின்னப் பையில் போன், பவர் பேங்க், டார்ச். ஹேண்டில்பார் அருகே செங்குத்தாகத் தொங்கும் சிறு பையில் கடலைமிட்டாயோ பேரீச்சையோ, ஒரு கையால் எடுத்துத் தின்ன வசதியாக. ஃபோர்க்கின் இரு கால்களிலும் கட்டும் பைகள் இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும். கார்பன் ஃபோர்க்கில் அதற்கான திருகுத் துளை இல்லாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

துணியின் கதை தனி. பைகளில் 210டி, 420டி, 1000டி என்று எழுதியிருக்கும். டி என்பது டெனியர்: 9,000 மீட்டர் நீள நூலின் எடை, கிராமில். தனிப் பட்டு இழை ஏறக்குறைய 1 டெனியர். ஆக 420டி என்பது நூலின் பருமனைத்தான் சொல்கிறது, தண்ணீர் புகுமா என்பதைச் சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்துவது துணியின்மேல் ஏற்றும் பூச்சு அல்லது ஒட்டும் பிளாஸ்டிக் படலம். இங்கிலாந்தின் லங்காஷயரில் கேரடைஸ் நிறுவனம் தைக்கும் கெட்டிப் பருத்திப் பைகளில் வேறு வித்தை: மெழுகு ஒரு பக்கம் காக்க, நனைந்த பருத்தி இழை உப்பி நெசவின் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும்.

துணி நீர் புகாததாக இருந்தாலும் தைத்த இடம் ஒழுகும். ஒவ்வொரு தையலும் ஒரு துளை. 1981இல் இங்கிலாந்தில் மழையில் நனைந்தபடி சைக்கிள் ஓட்டிய ஜெர்மன் இளைஞர் ஹார்ட்முட் ஓர்ட்லீப், சாலையில் போன லாரிகளின் தார்ப்பாய்க்குள் சரக்கு நனையாமல் இருப்பதைக் கவனித்தார். ஊர் திரும்பி லாரித் தார்ப்பாயில் சைக்கிள் பை தைத்தார்; அடுத்த ஆண்டு அவர் பெயரிலேயே நிறுவனம் பிறந்தது. பிறகு தையலும் போய், மின்காந்த அலையால் விளிம்புகளை உருக்கி ஒட்டும் முறை வந்தது. இப்படி ஒட்டிய பையின் வாயை மூன்று சுற்றுச் சுருட்டி மூடினால் அடைமழைக்கும் அஞ்ச வேண்டாம். தைத்த பை மலிவாகக் கிடைத்தால் அதையும் தள்ள வேண்டியதில்லை; உள்ளே ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்டால் வேலை முடிந்தது.

நம் ஊர் ஈரக்காற்றில் பார்க்க வேண்டிய ஆபத்து வேறு. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடும் வெப்பத்தோடும் மெல்ல வேதிவினை புரிந்து சிதையும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வது பெரும்பாலும் இதனால்தான். பையில் என்றால் உட்புறம் பிசுபிசுத்து, நாற்றமடித்து, தோல்தோலாக உரியும். ஈரத்தோடு சுருட்டி மூட்டையில் போடாமல் நிழலில் காயவைத்தால் பூச்சு பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

வார் ஓடும் இடங்களில் மண்துகள் சிக்கி, உப்புத்தாள்போலத் தேய்த்து ஃபிரேமின் பெயின்டைத் தின்றுவிடும். கட்டுவதற்கு முன் அந்த இடங்களில் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டிக்கொள்வது வழக்கம். பையை ஏற்றியபின் சைக்கிளை முன்சக்கரத்தோடு ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். அசைவதும் சத்தம் போடுவதும் அப்போதே தெரிந்துவிடும். முதல் 10 கி.மீ.யில் சாமான் உள்ளே படிந்து வார்கள் தளரும். மழையில் இன்னும் தளரும். நைலான் தண்ணீரைக் குடித்து நீளும் இழை. பாலியெஸ்டர் வாரில் இந்தத் தொல்லை குறைவு. மழை பிடித்த அரைமணியில் ஒருமுறை நிறுத்தி, எல்லா வாரையும் மறுபடி இழுத்துக் கட்டி, மிஞ்சிய நுனிகள் ஸ்போக்ஸில் சிக்காதபடி மடித்துச் செருகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.