"சொன்னா உங்களுக்குப் புரியாதுண்ணே!" கம்ப்யூட்டர் கடையில் மட்டம் தட்டினால் என்ன செய்யலாம்?

சென்னை: பிள்ளை காலேஜில் சேர்ந்தாச்சு, லேப்டாப் வேணும் என்கிறான். சீட்டு எடுத்த பணத்தோடு ரிச்சி தெருவுக்கோ, பக்கத்து ஷோரூமுக்கோ போகிறீர்கள். விற்பனையாளர் உங்கள் சட்டையையும் செருப்பையும் ஒரு பார்வை பார்க்கிறார். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுண்ணே, இதை எடுத்துட்டுப் போங்க" என்கிறார். அதோடு பலருக்கு வாயடைத்துவிடும்.

உஷார்! நீங்கள் கூச்சப்பட்டால் லாபம் கடைக்காரருக்குத்தான். விற்காமல் கிடந்த சரக்கு உங்கள் தலையில் விழும். வெட்கப்படாமல் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்.

1. பிராசசர் எந்தத் தலைமுறை? பழைய லேப்டாப் வாங்குபவர்கள் இதைக் கண்டிப்பாகக் கேட்கணும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் ஐ3, ஐ5 வரிசையில் பொதுவாக 8-வது தலைமுறையாவது வேண்டும். "ஐ5 சார், சூப்பர் சார்" என்றால் மயங்காதீர்கள். ஐ5-6200யூ என்றால் 6-வது தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8-வது.

2. ரேம் எவ்வளவு, பின்னால் கூட்ட முடியுமா? சில மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்புறம் மாற்ற முடியாது.

3. எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா? "1 டிபி இருக்கு" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது ஹார்டு டிஸ்க் என்றால் வேகம் குறைவு.

4. வாரண்டி கம்பெனியுடையதா, கடையுடையதா? எத்தனை மாதம்?

வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். லேப்டாப்பை ஆன் பண்ணச் சொல்லி, செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் பிராசசரும் ரேமும் திரையிலேயே தெரியும்.

பில்லில் விடாதீர்கள்!

"பில் வேணாம்னா கம்மியா தர்றேன்" என்பது பழைய தூண்டில். புதுப் பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். பில்லில் மாடல், சீரியல் நம்பர், வாரண்டி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டி, லேப்டாப், பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கணும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

கடைக்காரர் மசியவில்லையா? 1915க்கு போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் மனு போடணும். பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, பில் இருந்தால் நீங்களே வாதாடலாம்.

ஒரு கேள்விக்குக் கூட மரியாதையாக பதில் சொல்லாத கடையில் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். பழுதென்று நாளைக்கு வந்து நின்றால், அந்தக் கடையில் உங்களை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?