மணக்கும் மெழுகுவர்த்தி: அட்டையில் இருப்பதும் இல்லாததும்

பெட்டிக்கடையில் வெள்ளை மெழுகுவர்த்தி வாங்கும்போது அதில் நச்சு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மின்சாரம் போனால் ஏற்றுவோம், வந்ததும் ஊதி அணைப்போம். அவ்வளவுதான் அதற்கும் நமக்கும் உள்ள உறவு. கண்ணாடிக் குவளையில் ஊற்றிய வாசனை மெழுகுவர்த்தியின் கதை வேறு. தீபாவளிப் பரிசாகவும் புதுமனைப் பரிசாகவும் அது வீட்டுக்குள் வருகிறது. ஏசி ஓடும் படுக்கையறையில், சன்னலைச் சாத்திவிட்டு, மணிக்கணக்கில் எரிகிறது. விலை நூற்றுக்கணக்கில். ‘நச்சற்றது’, ‘முழுக்க இயற்கை’, ‘சோயா மெழுகு’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் சொற்களுக்கும் சேர்த்துத்தான் அந்த விலையைக் கொடுக்கிறோம்.

மெழுகு என்ன வகை என்பதைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி பாரஃபின். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது, நம் மணலி ஆலையிலும் தயாராவது. பெட்ரோலியத்தின் பிள்ளை என்பதால் அதன்மேல் ஒரு பயம். 2009இல் அமெரிக்காவின் சவுத் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாரஃபின் எரியும்போது டொலுவீன் போன்ற வேதிப்பொருள்கள் வருவதாகவும் தாவர மெழுகில் அவை தென்படவில்லை என்றும் ஒரு மாநாட்டில் சொன்னார்கள். பயம் ஊரெல்லாம் பரவியது. அதற்கு முன்பே, 2007இல், ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் பாரஃபின், சோயா, பனை, தேன்மெழுகு என்று பலவற்றையும் எரித்துப் பார்த்து, வெளியேறும் பொருள்களில் பெரிய வேறுபாடு இல்லை, அளவும் மிகச் சிறிது என்று முடிவு கூறியிருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் மெழுகுவர்த்தித் தொழில்காரர்கள். முதலாவது மாநாட்டு அறிவிப்பு, இரண்டாவது தொழில்காரர் செலவில் நடந்தது. இரண்டில் எதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சோயா மெழுகு என்று விற்பதில் பாரஃபின் கலந்திருப்பது சர்வசாதாரணம். கலக்காமல் விட்டால் அது இளகும். சித்திரை வெயிலில் கூரியரில் வரும் சோயா மெழுகுவர்த்தி வழியிலேயே உருகி உருமாறிப்போவதை வாங்கியவர்கள் அறிவார்கள். கலப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் தப்பு. தேன்மெழுகு எரிந்தால் காற்றிலுள்ள தூசைச் சுத்தம் செய்யும் என்றொரு கதையும் உலவுகிறது. எரிகிற எதுவும் காற்றைச் சுத்தம் செய்யாது.

மெழுகைவிடத் திரி முக்கியம். ஒரு காலத்தில் திரி நிமிர்ந்து நிற்பதற்காக அதன் நடுவே ஈயக் கம்பி வைத்தார்கள். எரியும்போது ஈயம் ஆவியாகி அறையில் பரவும், தரையிலும் சாமான்களிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளைக்கு இந்த அளவு ஈயம் பரவாயில்லை என்று ஓர் எல்லையே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்காவில் 2003இல் ஈயத் திரிகளைத் தடை செய்தார்கள். இன்று கம்பி வைப்பவர்கள் பெரும்பாலும் துத்தநாகமோ வெள்ளீயமோ வைக்கிறார்கள். ஆனால், எங்கே செய்தது என்றே தெரியாத மலிவுச் சரக்கில் எந்தக் கம்பி இருக்கிறது என்பதற்கு யார் உத்தரவாதம்? திரியின் நுனியைப் பிரித்துப் பாருங்கள். பளபளக்கும் கம்பி இருந்தால் வெள்ளைத் தாளில் தேயுங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறம் படிந்தால் ஈயமாக இருக்கலாம்; ஏற்ற வேண்டாம். வெறும் பருத்தித் திரி என்றால் இந்தச் சோதனையே தேவையில்லை.

சுவரில் படியும் கரிக்கும் திரியே காரணம். நீளமான திரி மெழுகை அதிகம் உறிஞ்சும், அது முழுதாக எரியாமல் புகையாகும். ஏற்றும் முன் கால் அங்குலம் விட்டு நறுக்க வேண்டும். அடுத்த எதிரி மின்விசிறி. சுடர் ஆட ஆடக் கரி கூடும். அறையில் காற்றோட்டம் வேண்டும், சுடர்மேல் நேராகக் காற்று படக் கூடாது. அதனால் சன்னல் திறந்திருக்கட்டும், விசிறி வேண்டாம். அணைக்கும்போது ஊதுவது இன்னொரு கெட்ட பழக்கம். ஊதி அணைத்த பின் எழும் வெள்ளைப் புகையில் நுண்துகள்கள் ஏராளம். மூடி போட்டு அணைக்கலாம், அல்லது ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி நிமிர்த்திவிடலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வாசனைக்கு. குவளையில் நூறு கிராம் மெழுகு என்றால் ஆறு முதல் பத்து கிராம் வரை வாசனை எண்ணெய் இருக்கும். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது தொழில் ரகசியம். அட்டையில் ‘வாசனைத் திரவியம்’ என்று ஒரே சொல்தான் இருக்கும். வாசனையைக் கரைத்து வைக்க டைஎத்தில் தாலேட் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதுண்டு. செயற்கை வேண்டாம் என்று எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய் பக்கம் போனாலும் முழு விடுதலை இல்லை. அவற்றிலுள்ள லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் இருக்கும் பெயர் அது. எப்போதாவது ஒருநாள் ஏற்றுவதால் வரும் அளவு சொற்பம்தான், அலற வேண்டியதில்லை. வீட்டில் ஆஸ்துமாக்காரர், ஒற்றைத் தலைவலிக்காரர், கைக்குழந்தை இருந்தால் மட்டும் வாசனையே வேண்டாம். அவர்களுக்கு எண்ணூறு ரூபாய் லாவண்டரைவிடப் பெட்டிக்கடை வெள்ளை மெழுகுவர்த்தி மேல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெழுகுவர்த்திக்கு இவ்வளவு யோசிக்கிற வீட்டில்தான் இரவெல்லாம் கொசுவர்த்திச் சுருளும் எரிகிறது. மலேசிய, சீனச் சுருள்களை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டார்கள். எதை முதலில் நிறுத்த வேண்டும் என்பதற்கு வேறு கணக்குத் தேவையில்லை. கொசு வலை இருக்கிறது.

இனி, நெருப்பு. நச்சைவிட இது நிச்சயமான ஆபத்து. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடுமையாகவோ ஓரளவோ தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கார்த்திகைக்கு விற்கிற மெழுகு அகல்களை நெருக்கமாக அடுக்கினால் ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கி, மெழுகு முழுவதுமே தீப்பற்றக்கூடும். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. மெழுகு குபீரென்று மேலெழும்பிச் சிதறும். தட்டு போட்டு மூடுங்கள். கண்ணாடிக் குவளையில் அடியில் அரை அங்குல மெழுகு மிஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் எரித்தால் குவளை வெடிக்கக்கூடும். உருகிய மெழுகு கையில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்க வேண்டாம், பற்பசையும் பேனா மையும் பூச வேண்டாம்.

அட்டைக்கு வருவோம். ‘நச்சற்றது’ என்று அச்சடிக்கும் முன் யாரிடமும் ஆய்வகச் சான்று காட்ட வேண்டியதில்லை. ஆனால் அச்சடித்த பிறகு அந்தச் சொல்லுக்குப் பொறுப்பு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. ‘இயற்கை’, ‘ஆர்கானிக்’, ‘தூய்மையானது’, ‘பசுமை’ என்று சுற்றுச்சூழலைக் காட்டி விற்பவர்கள் அதற்கான ஆதாரத்தையும் வெளியிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் அதே ஆணையம் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. பொட்டலத்தின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் இருந்தாக வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இது இல்லாத பொட்டலத்தை, எவ்வளவு அழகாக ரிப்பன் கட்டியிருந்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டிலேயே செய்து இன்ஸ்டாகிராமில் விற்கும் பெண்கள் இன்று நிறையப் பேர். அவர்களிடம் கேட்க மூன்று கேள்விகள் போதும்: மெழுகில் என்ன கலந்திருக்கிறது, திரி எது, வாசனை எண்ணெய் விற்றவர் பன்னாட்டு வாசனைப் பொருள் சங்கத்தின் விதிப்படி சான்றிதழ் கொடுத்தாரா. ஒழுங்காகத் தொழில் செய்பவர் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுவார். ஐரோப்பாவில் வாசனை மெழுகுவர்த்தியின் மேல் ஒவ்வாமை தரும் பொருள்களின் பெயரையே அச்சடிக்கிறார்கள். நாம் கேட்பது அதிகமில்லை.

ஏமாற்றம் என்றால் முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். வாங்கிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குவளை வெடித்துக் காயம்பட்டது, பெட்டியில் எச்சரிக்கையே இல்லை என்றால் தயாரித்தவர் இழப்பீடு தர வேண்டும். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவர் தலையில் அது விழும். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரசீது, அட்டை, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அதே வகையில் ஏற்றாத மெழுகுவர்த்தி ஒன்று மிச்சமிருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் முத்திரையிட்டு அனுப்ப அதுதான் வேண்டும்.