தீர்த்தத்தில் மணக்கும் கிராம்பும் அதன் தைலமும்

பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் பெறும் அன்பர்கள், துளசியோடும் பச்சைக் கற்பூரத்தோடும் கலந்துவரும் மெல்லிய காரம் ஒன்றை உணர்ந்திருப்பர். பல கோயில்களில் தீர்த்தப் பொடியில் ஏலத்துடன் சேர்க்கப்படும் கிராம்பின் காரம் அது. இலவங்கம் என்றும் வழங்கும் இது, ஒரு மரத்தின் மலராத மொட்டு. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் அதன் தாயகம். கன்னியாகுமரி மாவட்டத்து மலைத் தோட்டங்களிலும் செழித்து வளர்கிறது. அங்கு விளையும் கிராம்பு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

உலர்ந்த மொட்டை நீராவியில் வடித்தால் கிடைப்பது கிராம்புத் தைலம். நீரில் விட்டால் மற்ற எண்ணெய்களைப் போல மிதவாது, அடியில் தங்கும். அதில் 70 முதல் 90 விழுக்காடு வரை இருப்பது யூஜினால் என்னும் பொருள். வலியை மரத்துப்போகச் செய்வதும் கிருமிகளை அடக்குவதும் அதுவே. பல் மருத்துவர்கள் சொத்தையைத் தற்காலிகமாக அடைக்கையில் துத்தநாக ஆக்சைடுடன் குழைப்பதும் அதையே. பாட்டி வைத்தியம் என்று எள்ளுவோர் இதனை அறிவது நன்று.

ஆயினும் கிராம்பு வேறு, தைலம் வேறு. கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வதைப்போல் தைலத்தை அப்படியே ஈறில் தடவினால் புண்ணாகிவிடும். அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு துளி கலந்து, பஞ்சில் தொட்டு, வலிக்கும் பல்லில் மட்டும் ஒற்ற வேண்டும், விழுங்கலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். பேரக்குழந்தைகள் உள்ள வீட்டில் இக்குப்பியைப் பூஜை அலமாரியில் பன்னீருக்கு அருகே வைத்தல் கூடவே கூடாது. ஓரிரு தேக்கரண்டி உட்சென்றாலே சிறு குழந்தைக்கு நினைவு தப்பலாம், ஈரல் கெடலாம். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தைலம் வலியை மறைக்குமேயன்றிச் சொத்தையை ஆற்றாது. இரண்டு நாள் தணிந்திருக்கும் பல், உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருக்கக்கூடும். நீரிழிவு உடையோருக்கு இது எளிய செய்தியன்று.

முதியோர் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. மலைக்கோயில் படியேறும்போதோ பிராகாரம் வலம்வரும்போதோ கீழ்த்தாடையில் வலி தோன்றி, சற்று அமர்ந்ததும் தணியுமானால், அது பெரும்பாலும் பல்வலியன்று. இதயத்திற்கு இரத்தம் போதாமையால் எழும் வலி தாடையிலும் தெரிவதுண்டு. அப்போது தைலத்தைத் தேடாமல் அன்றைக்கே மருத்துவரைக் காண வேண்டும். அமர்ந்தும் தணியாமல், வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்தால், அங்கேயே இருந்துகொண்டு அருகில் உள்ளோரிடம் சொல்லி 108 ஊர்தியை வரவழைக்க வேண்டும்.