கதை நடுவர் கையிலா, ஆடுபவர் கையிலா?

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குத் திரவ அமோனியா கொண்டுசெல்லும் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நீங்கள் அங்கு இருந்திருந்தால் எந்தப் பக்கம் ஓடியிருப்பீர்கள்? இதை ஆடியே பார்க்கலாம். ஒரு மேசை, ஊர்ப் படம், ஒரு பகடை, ஐந்தாறு நண்பர்கள் போதும். ஒருவர் நடுவர். மற்றவர்கள் மீனவர், ஆசிரியை, ஆட்டோ ஓட்டுநர், தீயணைப்பு வீரர் என ஆளுக்கொரு பாத்திரம். நடுவர் நிலைமையைச் சொல்வார். ஆடுபவர் தாம் செய்வதைச் சொல்வார். அதன் விளைவை நடுவர் சொல்வார்.

1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் இப்படித்தான் போர்ப் பயிற்சி ஆட்டம் ஒன்றை அமைத்தார். 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டமும் போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்ததே. நம் நாட்டில் பேரிடர் ஒத்திகைக்கு முன் அதிகாரிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய இதுபோன்றதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள் என்று நடுவர் மனத்தில் ஒரு கதை வைத்திருக்கிறார். மீனவரோ, "நான் படகைக் கடலில் இறக்குகிறேன்" என்கிறார்! "கூடாது" என்று தடுத்தால், பிறகு ஆடுபவருக்கு என்ன வேலை? எதற்கும் "சரி" என்றால் ஆபத்தே இல்லாமல் போகும்.

வழி இதுதான். நடுவர் முடிவை எழுதி வைக்கக் கூடாது. நிலைமையை எழுதி வைக்க வேண்டும். காற்று எந்தத் திசை? குழாயை எப்போது மூடுவார்கள்? டிசம்பரில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. கடலிலிருந்து ஊருக்குள் வீசும். கசிவும் கடலில்தான். நேரே போனால் படகு வாயுவுக்குள் நுழையும். வடக்கே வெகுதூரம் விலகிப் போனால் தப்பலாம். மீனவரைத் தடுப்பதோ விடுவதோ காற்றுதான், நடுவர் அல்ல.

"அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும்" என்று ஒரு கெட்டிக்காரர் வீட்டிலேயே இருப்பார். அதன் மூலக்கூறு எடை 17, காற்றினுடையது சுமார் 29. உண்மைதான். ஆனால் திரவ அமோனியா கொதிப்பதே மைனஸ் 33 டிகிரி செல்சியசில். அந்தக் குளிர்ந்த ஆவி ஈரக்காற்றில் வெண்பனி போலத் தரையை ஒட்டியும் தவழும். இன்னொருவர் ஈரத்துணியால் மூக்கைப் பொத்துகிறாரா? அமோனியா நீரில் நன்கு கரையும். அவருக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கொடுங்கள்.

கதை நின்றுவிடாமல் இருக்க, பத்து நிமிடத்துக்கொரு செய்தி வரட்டும். நடக்க முடியாத பாட்டி தனியே இருக்கிறார் என்ற செய்தி, ஆடுபவர் பேருந்து நிலையத்தில் இருந்தாலும் அவரைத் தேடி வரலாம். ஆனால் எந்தத் தெருவில் திரும்பினாலும் அதே கன்டெய்னர் லாரியைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். அது கள்ள ஆட்டம். இரண்டாம் முறையே கண்டுபிடித்துவிடுவார்கள்!

ஆடி முடித்ததும் காற்றை மட்டும் மாற்றுங்கள். இப்போது ஜூன் மாதம், மேல்காற்று. அதே குழாய், அதே கசிவு. மீனவர் மறுபடியும் படகை இறக்குகிறார். நடுவரே, என்ன சொல்லப்போகிறீர்கள்?